55 வயதில் ஓய்வு: சேமிப்பு, செலவு, முதலீடு

மலேசியத் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஆனால், ஊழியர் சேமநிதியில் (இபிஎஃப்) அதுவரை சேர்ந்த பணத்தை 55 வயதிலேயே எடுக்கலாம். அப்போதே வேலையை விட்டால் சம்பளம் நின்றுவிடும்; செலவு நிற்காது.

ஒரு கணக்கைப் பாருங்கள். கையிருப்பு 360,000 ரிங்கிட். மாதச் செலவு 2,500, அதாவது ஆண்டுக்கு 30,000. வளர்ச்சியே இல்லாமல் எடுத்துச் செலவழித்தால் 12 ஆண்டுகளில், 67 வயதில், காசு தீர்ந்துவிடும். விலைவாசி ஏறினால் இன்னும் சீக்கிரமே தீரும்.

அப்போ என்ன செய்யலாம்? பணம் எப்போது தேவைப்படும் என்று பார்த்துப் பிரியுங்கள்.

1. செலவு: அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான 60,000 ரிங்கிட், உடனே எடுக்கும்படி வங்கியில் இருக்கட்டும்.

2. சேமிப்பு: பெரும்பகுதியைச் சேமநிதியிலேயே விட்டு வையுங்கள். 55 ஆகிவிட்டதே என்று மொத்தமாக எடுக்க வேண்டியதில்லை. வழக்கமான சேமிப்புக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு இலாப ஈவு உறுதி. மாதாமாதம் எடுக்கவும் வழியுண்டு.

3. முதலீடு: பத்து ஆண்டுகளுக்குத் தொடாத பணத்தை மட்டும் பங்குகளில் போடுங்கள். சந்தை இறங்கிய நேரத்தில் விற்றுத்தான் சாப்பிடணும் என்றால், அந்த நட்டத்தை மீட்கவே முடியாது.

மாணவர்களே, கட்டுரையில் சேமிப்பையும் முதலீட்டையும் ஒரே பொருளில் எழுதாதீர்கள். சேமிப்பு பணத்தைக் காக்கும். முதலீடு வளர்க்கலாம், குறைக்கவும் செய்யலாம். இந்த வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டோடு விளக்கினால் கருத்து தெளிவாகும்.