ஆய்விலிருந்து ஊருக்கு

சிங்கப்பெருமாள் கோயிலில் பாடலாத்ரி நரசிம்மர் குன்றைக் குடைந்த கருவறையில் வீற்றிருக்கிறார். அவரை வலம்வர விரும்புவோர் குன்றையே சுற்றி நடக்க வேண்டும். நடை வழிபாட்டோடு கலந்திருந்த அவ்வூரில் இன்று சரக்குந்துகள் விரையும் பெருஞ்சாலை ஓடுகிறது. 'நாள்தோறும் அரைமணி நேரம் நடங்கள்' என்னும் மருத்துவ அறிவுரையை அங்கே எவ்வாறு செயற்படுத்துவது?

அந்த அறிவுரைக்கு வலுவான சான்று அமெரிக்காவிலிருந்து வந்தது. நீரிழிவின் விளிம்பில் நின்ற 3,234 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2002இல் வெளியாயிற்று. உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைத்தல், வாரம் 150 நிமிடம் உடலுழைப்பு என்பன இலக்குகள். இவற்றைப் பின்பற்றிய குழுவில் நீரிழிவு 58 விழுக்காடு குறைந்தது. ஆனால், ஒவ்வொருவருக்கும் தனிப் பயிற்றுநர், 16 தனிப்பாடங்கள் என அதற்கான ஏற்பாடு பெரிது. புறநோயாளிகள் வரிசையில் காத்திருக்கும் நம் மருத்துவமனைகளில் அதை அப்படியே நிறுவ இயலாது.

உடலமைப்பும் வேறு. அமெரிக்க ஆய்வினரின் சராசரி உடல் நிறைக் குறியெண் 34. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் ஆராய்ந்த 531 பேருக்கோ ஏறத்தாழ 26. ஏற்கெனவே மிதிவண்டி ஓட்டியோ கடின வேலை செய்தோ வந்தவர்களை அதனையே தொடருமாறு கூறினர்; ஏனையோரை நடக்கச் செய்தனர். சர்க்கரையைத் தவிர்க்கவும் நார்ச்சத்தைக் கூட்டவும் அறிவுறுத்தினர். ஆறு மாதத்திற்கொரு நேர்ச்சந்திப்பு, இடையில் தொலைபேசி உரையாடல், அவ்வளவே. 2006இல் வெளியான முடிவின்படி நீரிழிவு 28.5 விழுக்காடு குறைந்தது. வியப்பு யாதெனில், எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையாமலேயே இப்பயன் கிட்டியது! எடைகாட்டும் கருவியின் முள்ளை மட்டும் நம்பிச் சோர்ந்துபோவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

பின்னர்ச் சென்னையிலேயே 578 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வு, தனிப்பாடங்களைக் குழு வகுப்புகளாக மாற்றியது. நான்கு மாத வகுப்புகளுக்குப் பின்னும் இடர் மிகுந்திருந்தோர்க்கு மட்டும் மெட்ஃபார்மின் மாத்திரை சேர்க்கப்பட்டது. 2016இல் வெளியான அதன் பயன் 32 விழுக்காடு. நால்வரில் ஏறத்தாழ மூவருக்கு மாத்திரையும் தேவைப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இன்னும் எளிய வழியொன்றும் உண்டு. 537 ஆண்களிடம் நடந்து 2013இல் வெளியான இந்திய ஆய்வில் கைப்பேசிக் குறுஞ்செய்திகளே ஆசிரியராயின. பழக்கத்தை மாற்றுவதில் அவரவர் எந்நிலையில் உள்ளார் என்பதற்கேற்பச் செய்திகள் அமைந்தன. நீரிழிவு 36 விழுக்காடு குறைந்தது.

தமிழ்நாட்டில் 2021 ஆகத்து 5ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை இல்லந்தோறும் கொண்டு சேர்க்கின்றனர். அவ்வாறு வாயிற்படியில் நிற்கும் சில நிமிடங்களில், அவ்வீட்டார் அன்று உண்ட சோற்றின் அளவையும் மாலையில் நடப்பதற்கு ஏற்ற தெருவையும் பற்றிப் பேச இடமுண்டு.