கறுப்புக் கோடு எங்கே விழ வேண்டும்?

வட்டாட்சியர் அலுவலகத் தபால் மேசைக்கு ஒரு வெள்ளைத்தாள் வந்து சேர்கிறது. மேல் மூலையில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. பெறுநர் என்ற இடத்தில் ‘பொதுத் தகவல் அலுவலர்’ என்று மட்டும் இருக்கிறது. எழுபது வயதை நெருங்கும் ஓர் அம்மாள், பக்கத்து வீட்டுப் பையனை எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்து அனுப்பிய மனு என்று வைத்துக்கொள்வோம். கேட்டிருப்பவை இரண்டு. முதியோர் உதவித்தொகைக்குத் தான் கொடுத்த மனு எதற்காகத் தள்ளுபடியானது என்ற கோப்பின் நகல் ஒன்று. தன் ஊராட்சியில் அந்தத் தொகையை வாங்குகிறவர்களின் பட்டியல் இன்னொன்று.

எதற்காகக் கேட்கிறார் என்று எழுதவில்லை. எழுதவும் வேண்டியதில்லை. மனுதாரரிடம் காரணம் கேட்கக் கூடாது என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது.

மனுவைப் பிரித்துப் படிக்கும் அலுவலர் யார்? பல வட்டாட்சியர் அலுவலகங்களில் தலைமையிடத்துத் துணை வட்டாட்சியர்தான் பொதுத் தகவல் அலுவலர். சான்றிதழ், பட்டா மாறுதல், தேர்தல் பணி, மேலதிகாரி வருகை என்று ஏற்கெனவே நிரம்பி வழியும் மேசை அவருடையது. அதன் மேல் கூடுதல் பொறுப்பாக வந்து உட்கார்ந்திருக்கிறது இந்த வேலை. ஆவணங்களையும் அந்தரங்கத்தையும் எடைபோடுவது ஒரு தனித்தொழில். நம் அலுவலகங்களில் அதை அப்படி யாரும் நினைப்பதில்லை. மாறுதலில் ஒருவர் போய் இன்னொருவர் வந்தால், ‘பொதுத் தகவல் அலுவலர்’ என்ற பலகையும் நாற்காலியோடு சேர்ந்து கைமாறுகிறது.

மனு வந்து சேர்ந்த நாளிலிருந்து முப்பது நாள் கணக்கு. ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். கெடு தாண்டினால் நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்ற கட்டணத்தைக்கூட வாங்க முடியாது, இலவசமாகவே கொடுக்க வேண்டும். நியாயமான காரணம் இல்லாமல் தாமதித்தார் என்று தகவல் ஆணையம் முடிவு செய்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம். அதை அரசு கட்டாது, அலுவலர்தான் தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டும். தான் செய்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர் தலையில்தான். ஒரு கோப்பு தாமதமானதற்காகக் குறிப்பிட்ட ஓர் ஊழியரின் சட்டைப்பையில் கைவைக்கும் சட்டம் இது.

சரி, அந்த அம்மாளின் மனுவுக்கு வருவோம். முதல் சிக்கல் அது வந்து சேர்ந்த இடம். முதியோர் உதவித்தொகையைப் பார்ப்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். அவருடைய அலுவலகம் பல ஊர்களில் அதே வளாகத்தில்தான் இருக்கும். ‘இது எங்கள் பிரிவு இல்லை’ என்று மனுவைத் திருப்பி அனுப்ப முடியாது. பிரிவு 6(3)இன்படி ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, அனுப்பிய விவரத்தை மனுதாரருக்கும் எழுத வேண்டும். மக்களை அலைக்கழிக்காமல் இருக்க வந்த பிரிவு இது. ஆனால் இதையே பிடித்துக்கொண்டு ஒரு மனுவை நாலு மேசைக்குத் தள்ளிவிடுகிற வழக்கமும் உண்டு.

அடுத்தது பதிவறை. அரசுக் கடிதத்தின் மேலே ஓ.மு., மூ.மு. என்றெல்லாம் எழுத்துகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை வெறும் எண்ணுக்கு முன்னொட்டு அல்ல, அந்தக் கோப்பின் ஆயுள் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு. மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு. நி.மு. என்று போட்டிருந்தால் அது நிரந்தரமாக இருக்க வேண்டிய கோப்பு. அந்த அம்மாளின் மனுவை விசாரித்து முடித்தபோது எழுத்தர் எந்த எழுத்தைப் போட்டார் என்பதைப் பொறுத்துத்தான், இன்றைக்கு அந்தக் கோப்பு சிவப்பு நாடாக் கட்டுக்குள் இருக்கும் அல்லது முறைப்படி அழிக்கப்பட்டிருக்கும். தகவல் உரிமை என்று நாம் பேசுவதெல்லாம் கடைசியில் இந்தச் சுருக்கெழுத்திலும், அடுக்கைக் கலைக்காமல் வைத்திருக்கும் ஒரு பதிவறை எழுத்தரின் நினைவிலும்தான் நிற்கிறது.

கோப்பு கிடைத்துவிட்டால் முதல் கோரிக்கை எளிது. அது அவருடைய சொந்தக் கோப்பு. தன்னைப் பற்றிய தாளைத் தானே பார்ப்பதற்குத் தடை ஏதும் இல்லை. தன் விடைத்தாளைத் தேர்வர் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ஆதித்யா பந்தோபாத்யாய் வழக்கில் சொன்னது. கையில் இருக்கும் தகவலைத்தான் தர வேண்டும், இல்லாததைப் புதிதாகத் தொகுத்துத் தர வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. பொதுத் தகவல் அலுவலர்கள் இந்த இரண்டாவது பாதியைத்தான் அதிகம் எடுத்துக்காட்டுகிறார்கள்.

இரண்டாவது கோரிக்கையில்தான் அலுவலரின் தொழில் திறமை தெரியும். பயனாளிகள் பட்டியலில் பெயர், வயது, தெரு, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண், ‘ஆதரவற்ற விதவை’ போன்ற வகைக் குறிப்பு எல்லாம் ஒரே வரியில் கிடக்கும். இதில் எது ஊருக்குச் சொந்தம், எது அந்த மனிதருக்கு மட்டும் சொந்தம்?

மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே யார் வாங்குகிறார்கள் என்பது ஊருக்குத் தெரிய வேண்டிய விஷயம். ஆதார் எண்ணை வெளியிட ஆதார் சட்டம் தடை விதிக்கிறது. கணக்கு எண் வெளியே போனால் மோசடிக்காரனுக்குத்தான் லாபம். இப்படி ஒரே தாளில் கொடுக்க வேண்டியதும் மறைக்க வேண்டியதும் கலந்து கிடக்கும்போது கைகொடுப்பது 10ஆம் பிரிவு. மறைக்க வேண்டியதை நீக்கிவிட்டு மீதியைக் கொடு என்பது அதன் சாரம். முழுத் தாளையும் மறுக்க அது இடம் தரவில்லை.

இதைச் செய்கிற விதத்தைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். மூலத்தில் கைவைக்கக் கூடாது. முதலில் ஒரு நகல் எடுக்க வேண்டும். அந்த நகலில் ஆதார் கட்டத்தின் மேல் கறுப்பு மார்க்கரால் அழுத்திக் கோடு போட வேண்டும். அதை அப்படியே அனுப்பினால் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறவர் கோட்டுக்கு அடியில் இருக்கும் எண்ணைப் படித்துவிடுவார். அதனால் கோடு போட்ட நகலை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, அந்த இரண்டாவது நகலைத்தான் கொடுக்க வேண்டும். கணினியில் செய்கிறவர்களுக்கும் இதே பொறி உண்டு. பிடிஎஃப் கோப்பில் எழுத்தின் மேல் கறுப்புப் பெட்டி ஒட்டிவிட்டால் கண்ணுக்குத்தான் மறையும். சுட்டியால் இழுத்து வேறு இடத்தில் ஒட்டினால் எண் முழுசாக வந்து விழும்.

மூன்றாம் நபர் ஒருவர் ரகசியமாகக் கொடுத்த தகவல் என்றால் வழி வேறு. ஐந்து நாளுக்குள் அவருக்கு அறிவிப்பு, பத்து நாள் அவகாசம், மொத்தம் நாற்பது நாளுக்குள் முடிவு என்கிறது 11ஆம் பிரிவு. அவர் ‘வேண்டாம்’ என்று எழுதிவிட்டாலே கதவு மூடிவிடாது. அவர் சொன்னதைக் கேட்டு, பொது நலனோடு நிறுத்துப் பார்த்து, அலுவலர்தான் முடிவெடுக்க வேண்டும்.

நிறுத்துப் பார்ப்பது என்ற இந்தச் செயலுக்கு நீண்ட காலம் தராசாக இருந்தது பிரிவு 8(1)(ஜெ). பொதுப் பணியோடோ பொது நலனோடோ சம்பந்தமில்லாத தனிநபர் தகவலையும், ஒருவருடைய அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தகவலையும் மறுக்கலாம், பெரிய பொது நலன் இருந்தால் தரலாம் என்றது அது. கூடவே ஓர் அருமையான வரி: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைச் சாதாரண மனிதருக்கும் மறுக்கக் கூடாது.

அந்தத் தராசு இப்போது இல்லை. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்த 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44(3) பிரிவின் வழியாக 8(1)(ஜெ)யை ஒரே வரியாக வெட்டிச் சுருக்கியது: தனிநபர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் விலக்கு. அவ்வளவுதான். சட்டமன்றத்தைப் பற்றிய அந்த வரியும் போய்விட்டது. 2025 நவம்பரில் விதிகள் வெளியானபோது இந்தத் திருத்தமும் நடைமுறைக்கு வந்தது.

பெயர் என்பதே தனிநபர் தகவல்தானே? அப்படியானால் பயனாளிகள் பட்டியலே போயிற்று என்று ஒரு துணை வட்டாட்சியர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா? தகவல் தராவிட்டால் அபராதம் நாளுக்கு 250 ரூபாய். தரவைப் பாதுகாக்கத் தவறும் அமைப்புக்குப் புதிய சட்டம் வைத்திருக்கும் உச்ச அபராதம் 250 கோடி ரூபாய். இந்தத் தொகை அவர் சம்பளத்திலிருந்து போகாது என்றாலும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எந்த ஊழியரின் கையும் ‘தர இயலாது’ என்றுதான் எழுதப் போகும்.

அரசு சொல்லும் பதிலையும் கேட்க வேண்டும். பாதிப்பைவிடப் பொது நலன் பெரிதாக இருந்தால் விலக்குள்ள தகவலையும் தரலாம் என்ற 8(2) பிரிவு அப்படியே இருக்கிறதே என்கிறார்கள். உண்மை, இருக்கிறது. வேறு சட்டப்படி வெளியிட்டே ஆக வேண்டிய தகவலுக்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்று அதன் 3ஆம் பிரிவும் சொல்கிறது. ஆகவே, என் வாசிப்பில், 4ஆம் பிரிவின் கீழ் வெளியிட வேண்டிய பயனாளிகள் பட்டியலை இன்றும் தாராளமாகத் தரலாம். ஆனால் இதை எழுதும் துணிவும், எழுதுவதற்கான பயிற்சியும், மேலே இருப்பவர்கள் கைவிடமாட்டார்கள் என்ற நம்பிக்கையும் அந்த மேசைக்கு வேண்டும். நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்கு 21ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது என்பதைக்கூட அவர்களுக்கு யாராவது உட்காரவைத்துச் சொன்னார்களா என்று எனக்குச் சந்தேகம்.

பெயர்கள் ஏன் முக்கியம் என்று ராஜஸ்தானைப் பார்த்தால் புரியும். தகவல் சட்டத்தை முதலில் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடுதான், 1997இல். ஆனால் விலக்குகள் மலிந்த சட்டம் அது. நாட்டை அசைத்தது, அருணா ராயும் தோழர்களும் 1990இல் ராஜஸ்தானில் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு. தொண்ணூறுகளில் அவர்கள் ஊர்ப் பொதுவிடத்தில் பந்தல் போட்டு, பஞ்சாயத்து வேலைகளின் கூலிப் பட்டியலைச் சத்தமாக வாசித்தார்கள். பெயர் பெயராக வாசித்தபோதுதான், செத்துப் போனவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் கூலி வாங்கியதாக எழுதியிருந்தது வெளியே வந்தது. பெயருக்கு மேல் கறுப்புக் கோடு விழுந்திருந்தால் அன்றைக்கு வாசிக்க ஒன்றும் இருந்திருக்காது.

கேட்பவருக்கும் அந்தரங்கம் உண்டு என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். தகவல் உரிமை மனுக்கள் வழியே புனே அருகே நில மோசடிகளை வெளிக்கொண்டுவந்த சதீஷ் ஷெட்டி 2010 ஜனவரியில் வெட்டிக் கொல்லப்பட்டார். மனுதாரர் விரும்பினால் முழு முகவரிக்குப் பதில் அஞ்சல் பெட்டி எண் போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013இல் சொன்னது. மணல், நிலம், ஒப்பந்தம் பற்றிய மனு வந்த அன்று சாயங்காலமே சம்பந்தப்பட்டவருக்கு ‘உங்களைப் பற்றி இன்னார் கேட்டிருக்கிறார்’ என்று போன் போகிறது என்றால், மனுதாரரின் உயிரை யாரோ விலைபேசுகிறார் என்றே அர்த்தம். மார்க்கரின் வேலை பட்டியலோடு நிற்கவில்லை, மனுவின் மேலே இருக்கும் முகவரிக்கும் அது தேவை.

மறுப்பதானாலும் அதற்கு முறை உண்டு. எந்தப் பிரிவு, ஏன், எத்தனை நாளுக்குள் யாரிடம் மேல்முறையீடு என்று எழுத வேண்டும். ஓர் அலுவலகத்தில் நான் கேட்ட கோப்புக்கு ‘தனிநபர் தகவல், தர இயலாது’ என்று ஒற்றை வரி வந்தது. மேல்முறையீட்டு அலுவலரின் பெயரைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு நடை ஆயிற்று. முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு தொண்ணூறு நாளுக்குள் ஆணையத்துக்கு இரண்டாவது என்று எனக்காவது தெரியும். கைநாட்டு வைத்த அம்மாளுக்கு யார் சொல்வார்கள்?

அவருடைய மனு ஒழுங்காக நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். இருபத்தாறாம் நாள் தபால் வருகிறது. தள்ளுபடிக் கோப்பில், விசாரிக்கப் போனபோது ஆள் ஊரில் இல்லை என்று ஒரு வரி. பட்டியலில் ஆதாரும் கணக்கு எண்ணும் இருந்த இடங்களில் கறுப்புப் பட்டை, மற்றபடி பெயரும் தெருவும் இருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பையனை உட்காரவைத்து வாசிக்கச் சொல்கிறார். பதினேழாவது பெயரில் நிறுத்தச் சொல்லி, இன்னொரு தடவை வாசிக்கச் சொல்கிறார். அந்தப் பெயருக்குரிய கிழவரின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் போய்வந்து இரண்டு வருஷம் ஆகிறது.