சிங்கப்பூர் டிரான்ஸ்ஃபர் வந்திருக்கா? ‘யெஸ்’ சொல்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

மாதக் கடைசி. ஓ.எம்.ஆர். ஆபீஸில் குளோஸிங் வேலையில் தலையைக் கொடுத்திருக்கிறீர்கள். மேனேஜர் தனியாகக் கூப்பிடுகிறார். “சிங்கப்பூர் டீம்ல ஒரு இடம் இருக்கு. உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லிடுங்க.”

வீடு வந்து சேர்வதற்குள் டாலர் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்திருப்பீர்கள். அம்மா, அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. உங்கள் துணை மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். “அப்போ என் வேலை?”

ஃபைனான்ஸில் இருக்கும் நாம் அடுத்தவர்களின் பேலன்ஸ் ஷீட்டைப் பிரித்து மேய்வோம். நம் வீட்டுக் கணக்கு என்று வரும்போது மட்டும் முதல் வரியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். மீதி வரிகளையும் பார்த்துவிடலாம், வாங்க.

எந்த ஊர் ஊழியர் நீங்கள்?

டிரான்ஸ்ஃபர் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று டெபுடேஷன். இந்திய கம்பெனியின் ஊழியராகவே இருந்துகொண்டு, குறிப்பிட்ட காலத்துக்கு அங்கே போய் வேலை பார்ப்பது. இன்னொன்று லோக்கல் கான்ட்ராக்ட். இங்கே ராஜினாமா செய்துவிட்டு, அதே குழுமத்தின் சிங்கப்பூர் கம்பெனியில் புதிதாகச் சேர்வது.

இரண்டாவது வகை என்றால் இங்கே பி.எஃப். நின்றுவிடும். கிராஜுவிட்டிக்குத் தேவையான 5 வருட சர்வீஸ் முடிய இன்னும் கொஞ்ச காலம் இருந்தால், அந்தப் பணமும் போகலாம். சிங்கப்பூரில் சி.பி.எஃப். என்ற சேமநல நிதி இருக்கிறது. ஆனால் அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேலை பாஸில் போகிறவர்களுக்குக் கிடையாது. ஓய்வுக்காலத்துக்கான சேமிப்பை நீங்களேதான் எடுத்து வைக்க வேண்டும். ஆஃபர் லெட்டர் எந்த வகை என்பதை முதலில் ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பத்தாயிரம் டாலர், பத்தாயிரம் இல்லை

மாதம் 10,000 சிங்கப்பூர் டாலர் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,20,000. சலுகைகளைக் கழிக்காமல் பார்த்தாலே இதற்கு வருமான வரி 7,950 டாலர்தான். மாதத்துக்குச் சுமார் 660. நம் ஊர் வரியோடு ஒப்பிட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

ஆனால், அங்கே மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிக்க மாட்டார்கள். அடுத்த வருடம் கணக்குத் தாக்கல் செய்த பிறகு நீங்களே கட்ட வேண்டும். மாதம் 660 டாலரைத் தனியாக எடுத்து வைக்காதவர்களுக்கு முதல் வரி நோட்டீஸ் பகீரென்று இருக்கும். வேலையை விட்டுக் கிளம்பும்போது வரி கிளியரன்ஸ் முடியும்வரை கடைசிச் சம்பளத்தைக் கம்பெனி நிறுத்தி வைக்கும் என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

அடுத்தது வாடகை. ஹெச்.டி.பி. என்ற அரசுக் குடியிருப்பில்கூட குடும்பத்துக்கு ஏற்ற வீடு 3,000 டாலரைத் தாண்டும். 3,500 என்று வைத்தால், வரியும் வாடகையும் போகக் கையில் 5,840. இதில்தான் சாப்பாடு, ஸ்கூல் ஃபீஸ், ஊருக்கு வந்துபோகும் டிக்கெட், சென்னை ஃபிளாட்டின் ஈ.எம்.ஐ. எல்லாம்.

வாடகை ஒப்பந்தத்தில் ‘டிப்ளோமேட்டிக் கிளாஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே வீட்டைக் காலி செய்ய அந்த ஒரு பத்திதான் வழி.

“அப்போ என் வேலை?”

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். குடும்பத்தை டிபெண்டன்ட் பாஸில் அழைத்துப்போக உங்கள் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 டாலர் இருக்க வேண்டும். பெற்றோரைக் கூடவே வைத்துக்கொள்ள நினைத்தால் 12,000 டாலர். மேலே சொன்ன பத்தாயிரத்தில் துணையும் குழந்தைகளும் வரலாம். அம்மா, அப்பா வந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம், தங்க முடியாது.

டிபெண்டன்ட் பாஸில் வரும் துணை அந்தப் பாஸை வைத்து மட்டும் வேலைக்குப் போக முடியாது. 2021 மே மாதத்திலிருந்து, அவருக்கென்று தனி வேலை பாஸ் எடுக்கும் கம்பெனி கிடைத்தால்தான் வேலை. ஆகவே உங்கள் சம்பள உயர்வைக் கணக்கிடும்போது, துணையின் சென்னைச் சம்பளத்தை அதிலிருந்து கழியுங்கள். அவருடைய கரியரில் விழும் இடைவெளியை எண்ணாகப் போட முடியாது. ஆனாலும் அதுவும் ஒரு செலவுதான், அதை அவர் மட்டும்தான் கட்டப்போகிறார். “அங்க போய்ப் பார்த்துக்கலாம்” என்று சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். போகும் முன்பே இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

உங்கள் பாஸுக்கும் நிபந்தனை உண்டு. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு நிதித்துறையில் 2025 ஜனவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 6,200 டாலர். வயது ஏற ஏற இந்தத் தொகையும் ஏறி, 45 வயதில் 11,800 ஆகிறது. அதாவது, 45 வயதுக்காரருக்குப் பத்தாயிரம் போதாது! நாற்பதைத் தொட்டவர்கள் பாஸைப் புதுப்பிக்கும் வருடத்தையும் சேர்த்து யோசியுங்கள். வேலை போனால், பாஸ் ரத்தான பிறகு பொதுவாக 30 நாள்தான் அவகாசம். குழந்தையின் பள்ளி வருடம் அந்த 30 நாளுக்காகக் காத்திருக்காது.

நாற்காலி எங்கே போடுகிறார்கள்?

அங்கே உட்கார்ந்து என்ன வேலை செய்யப் போகிறீர்கள்? சென்னையில் செய்யும் அதே ரீகன்சிலியேஷன், அதே ரிப்போர்ட்டிங்தான் என்றால், கொஞ்ச நாளில் “இதைச் சென்னையிலேயே பண்ணிடலாமே” என்று யாராவது சொல்வார்கள். நியாயமான பேச்சுதான், வேலைகள் சென்னைக்கு வந்ததே அந்தக் கணக்கில்தானே? முடிவெடுப்பவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் வேலையா, கிளையன்ட்டை நேரில் பார்க்கும் வேலையா, புதிதாக ஒரு சந்தையைக் கற்றுக்கொள்ளும் வேலையா? அப்படியென்றால் கையில் மிச்சம் குறைந்தாலும் போகலாம். அது பிற்காலச் சம்பளத்துக்கான முதலீடு.

கிளையன்ட்டுக்கு முதலீட்டு ஆலோசனை சொல்லும் வேலை என்றால் அங்கே சி.எம்.எஃப்.ஏ.எஸ். தேர்வுகள் எழுத வேண்டியிருக்கும். நம் ஊர் என்.ஐ.எஸ்.எம். சான்றிதழ் அதற்கு ஈடாகாது.

கிளம்பும் தேதியிலும் காசு இருக்கு

வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன், ஒரு நிதியாண்டில் 182 நாட்களுக்குக் குறைவாக இங்கே இருந்தால் அந்த வருடத்துக்கு வரிக்கணக்கில் என்.ஆர்.ஐ. தோராயமாக, செப்டம்பர் 28-க்குள் கிளம்பினால் அந்த வருட சிங்கப்பூர் சம்பளம் இந்திய வரிக்குள் வராது. அக்டோபரில் கிளம்பினால், அதையும் இங்கே காட்டி, அங்கே கட்டிய வரியைக் கழித்து மீதியைக் கட்ட வேண்டும். சேர வேண்டிய தேதியை முடிவு செய்யும் முன் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். போன பிறகு சேவிங்ஸ் அக்கவுன்ட்டை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற மறக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் பி.பி.எஃப். கணக்கை முதிர்வு வரை தொடரலாம். புதிதாகத் தொடங்க முடியாது.

திரும்பி வரும் நாள்

போகிற நாளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். திரும்பி வரும் நாளைப் பற்றி நீங்கள்தான் பேச வேண்டும். இரண்டு வருடத்தில் உங்களை அனுப்பிய மேனேஜரே வேறு கம்பெனிக்குப் போயிருக்கலாம். எந்த கிரேடில் திரும்புவேன், எந்த ஊர் சம்பளத்தை வைத்து நிர்ணயிப்பீர்கள், திரும்புகிற செலவு யாருடையது என்று இப்போதே எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லாகக் கிடைக்கும் “பார்த்துக்கலாம்”, ஆடிட்டில் நிற்காது என்பது நமக்குத் தெரியாததா?

வெள்ளிக்கிழமை மேனேஜரிடம் ‘யெஸ்’, ‘நோ’ இரண்டுமே சொல்ல வேண்டியதில்லை. “ஆர்வமா இருக்கேன் சார். இந்த அஞ்சு கேள்விக்குப் பதில் வந்ததும் சொல்றேன்” என்று ஒரு மெயில் அனுப்பினால் போதும். ஒரு மெயிலுக்காகக் கைநழுவிப் போகும் வாய்ப்பு என்றால், நான்கு பேர் குடும்பத்தை அதை நம்பி நாடு மாற்றியிருக்கவே கூடாது. பதில் ஒழுங்காக வந்தால், சாங்கி விமான நிலையம் சென்னையிலிருந்து சுமார் நாலு மணி நேரம்தான். தைரியமாகக் கிளம்புங்கள்!