சதுரங்கப்பட்டினம்: கடலோரத்தில் ஒரு டச்சுக் கிடங்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்திலிருந்து தெற்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டரில் புதுப்பட்டினம் இருக்கிறது. கல்பாக்கம் அணுமின் நிலையக் குடியிருப்புக்குக் கடைத்தெரு இதுதான். இதை ஒட்டிக் கடற்கரையில் இருக்கும் ஊர் சதுரங்கப்பட்டினம். பேச்சுவழக்கில் சட்ராஸ். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் பார்த்துவிட்டு மாமல்லபுரத்தோடு திரும்பிவிடுவோரே மிகுதி. பல்லவர் காலத்துக் கடல் வணிகத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, இதே கரையில் நடந்த இன்னொரு வணிகத்தின் தடயம் இங்கே செங்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறது.

1602இல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் குறி மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும். அவை விளைந்த கீழைத் தீவுகளில் அவற்றுக்கு ஈடாகக் கேட்கப்பட்டது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. அதனால்தான் பழவேற்காடு, நாகப்பட்டினம் என்று இந்தக் கரை நெடுக டச்சுக்காரர்கள் இடம் பிடித்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினமும் அந்த வரிசையில் சேர்ந்தது. சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்த மெல்லிய மஸ்லின் துணி இங்கிருந்து கப்பல் ஏறியது.

டச்சுக்காரர்கள் இங்கே கட்டிய கோட்டைக்குள் நடக்கும்போது இந்தப் பின்னணி மனதில் இருப்பது நல்லது. வேலூர், செஞ்சிக் கோட்டைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சிறியதாகப் படும். அரசனுக்காகக் கட்டியதல்ல இது, சரக்குக்காகக் கட்டியது. வாயிலில் பீரங்கிகள் இருந்தாலும், உள்ளே இடத்தைப் பெரிதும் அடைத்திருப்பவை வளைகூரை போட்ட நீண்ட கிடங்குகள். யானை மேல் ஏறுவதற்கான மேடை ஒன்றும் உண்டு. கோட்டைக்குள்ளேயே இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு நேரம் ஒதுக்க வேண்டும். டச்சு எழுத்தும் நுட்பமான சிற்ப வேலையும் கொண்ட அந்தக் கற்பலகைகள்தான் இங்கே காணத்தக்கவற்றில் முதன்மையானவை. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இந்த இடத்தில் நடந்த அகழாய்வில் பீங்கான் துண்டுகளும் புகைபிடிக்கும் சுங்கான்களும் கிடைத்தன.

கோட்டை கைமாறியதற்கு ஐரோப்பாவில் மூண்ட பகையே காரணம். ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் நடந்த நான்காம் போரின்போது, 1781இல், ஆங்கிலேயர் இதைக் கைப்பற்றினார்கள். 1782 பிப்ரவரி 17 அன்று இந்த ஊருக்கு அப்பால் கடலில் சஃப்ரன் தலைமையிலான பிரெஞ்சுக் கப்பற்படையும் எட்வர்ட் ஹியூஸ் தலைமையிலான ஆங்கிலக் கப்பற்படையும் மோதின. முடிவு எந்தப் பக்கமும் தீர்க்கமாகச் சாயவில்லை. பின்னர் ஊர் டச்சுக்காரரிடம் திரும்பியது. ஆனாலும் 1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவில் தங்களுக்கு எஞ்சியிருந்த இடங்கள் அனைத்தையும் அவர்கள் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தபோது, சதுரங்கப்பட்டினமும் அதில் போனது.

கோட்டைக்கு எதிரே கடற்கரை. அலை மூர்க்கமாக அடிக்கும் கரை என்பதால் குளிக்க இறங்காமல் இருப்பதே அறிவு. 2004 டிசம்பர் சுனாமி இந்தப் பகுதியின் மீனவர் குப்பங்களையும் கல்பாக்கம் குடியிருப்பையும் கடுமையாகத் தாக்கி உயிர்களைக் கொண்டுபோனது. அணுமின் வளாகத்தின் பக்கம் படம் எடுக்கக் கூடாது. வெயிலுக்கு முன் கோட்டையைப் பார்த்து முடிப்பது வசதி. உள்ளே நிழல் குறைவு.

மீதி நாளுக்கு வடமேற்கே திருக்கழுக்குன்றம் ஏற்ற ஊர். மலைமேல் வேதகிரீஸ்வரர் கோயில். மலையில் ஒரே பாறையைக் குடைந்த பல்லவர் கால ஒருகல் மண்டபம். அந்த மண்டபத்துக்கு 17ஆம் நூற்றாண்டில் வந்துபோன டச்சுக்காரர்கள் தங்கள் பெயரையும் ஆண்டையும் கல்லில் செதுக்கிவைத்திருக்கிறார்கள். பழஞ்சின்னத்தின் மேல் பெயர் கீறுவது அன்றும் இன்றும் தவறுதான். ஆனாலும் கடலோரக் கிடங்கில் வேலை பார்த்தவர்கள் ஓய்வு நாளில் மலையேறி ஊர் சுற்றிப் பார்த்ததற்கு அந்தக் கீறல்களே நேரடிச் சான்று.