பழைய பதிவேட்டில் பாட்டன் பெயர்

ஆழ்வார்பேட்டையில் வேலைக்கு வந்து தங்கிவிட்ட பேரன் ஒருபுறம்; ஊரில் அதே நிலத்தை உழும் பங்காளி மறுபுறம். பட்டா மட்டும் இறந்துபோன பாட்டன் பெயரிலேயே நிற்கிறது. பாகம் பிரிக்கும் நாளில்தான், பாட்டனுக்கு எத்தனை பிள்ளைகள் என்ற கேள்வி எழுகிறது. பதில் சொல்லப் பெரியவர்கள் இருப்பதில்லை. பழைய நிலப் பதிவேடுகளும் கோர்ட்டுத் தீர்ப்புகளும் அந்தப் பதிலைத் தரக்கூடும்.

பட்டாவிலிருந்து பின்னோக்கி

கையிலுள்ள பட்டாவிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன. அப்போது சில பெயர்கள் விடுபட்டதும் உண்டு. ஆகவே அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் பார்ப்பது அவசியம். ஜமீன் கிராமங்களாக இருந்தவற்றில், 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே ரயத்துவாரி செட்டில்மெண்ட் நடந்தது.

பழைய கணக்குகளில் பசலி ஆண்டே இருக்கும். அதனுடன் 590 கூட்டினால், அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1335 என்றால் 1925 ஜூலையில் தொடங்கிய ஆண்டு.

இனாம் நிலமா?

பூர்வீக நிலம் இனாமாக இருந்தால் அதிர்ஷ்டம்தான். 1858-இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன் தயாரித்த பதிவேட்டில், மானியம் முதலில் யாருக்குக் கிடைத்தது, அப்போது அனுபவித்தவர் யார், அவர் வயது என்ன, முன்னோருக்கு என்ன உறவு, வாரிசுகள் யார் என்பதற்கெல்லாம் தனித்தனிக் கலங்கள் உண்டு. இரண்டு மூன்று தலைமுறை ஒரே வரியில் கிடைத்துவிடும். இது ஆங்கிலத்தில் கையால் எழுதப்பட்டது. பெயர்களின் எழுத்து மாறியிருக்கும். படித்துப் பழகியவர் துணை தேவை.

பத்திரமும் பிராதும்

சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால், பழைய கிரயம், அடமானம், பாகப்பிரிவினை ஆகியவை தெரியவரும். பத்திரத்தில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று எழுதுவது வழக்கம். தகப்பன் பெயர் கிடைத்தால் அடுத்த படி திறக்கும்.

குடும்பத்தில் முன்பு பாக வழக்கு நடந்திருந்தால், பிராதிலும் தீர்ப்பிலும் வம்சாவளியே இருக்கக்கூடும். வழக்கு எண்ணும் ஆண்டும் தெரிந்தால் நகல் மனு போடலாம்.

பட்டணத்துப் பங்காளி செய்யக்கூடியது

1909-இல் சென்னை ஆவணக் காப்பகமாகத் தோன்றிய தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எழும்பூரில் இருக்கிறது. ஆழ்வார்பேட்டையிலிருந்து பேருந்திலேயே போய்வரலாம். ஊரிலிருப்பவர் கிராமப் பெயர், பழைய தாலுகா, சர்வே எண் மூன்றையும் எழுதி அனுப்பினால், பட்டணத்திலிருப்பவர் தேடிப் பார்க்கலாம். தாலுகா அலுவலக வேலையை ஊரிலிருப்பவர் கவனிக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள்

பழைய பதிவேட்டில் பாட்டன் பெயர் இருப்பதாலேயே நிலம் இன்று நமக்குச் சொந்தமாகிவிடாது, இடையில் கிரயமாகியிருக்கலாம். அதேபோல, பெண்களின் பெயர்கள் பழைய கணக்குகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. அதைக் காட்டி அத்தைக்கும் அக்காளுக்கும் பங்கில்லை என்று சொல்லிவிட முடியாது. 1956, 1989, 2005 ஆண்டுகளின் சட்டங்கள் பெண்களின் உரிமையைப் படிப்படியாக விரிவாக்கியுள்ளன.

வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டு, தெரிந்த பெயர்களை இன்றே ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது. பதிவேட்டை நாளையும் பார்க்கலாம். பாட்டியிடம் கேட்பதைத் தள்ளிப்போடக் கூடாது.