காலடிக் கரிசலில் ஓர் உலகம்

ஆமத்தூர்க் கரிசலில் மேகம் கூடினால் நாம் அண்ணாந்து பார்க்கிறோம். பக்கத்துச் சிவகாசியில் செய்த வாணம் வானில் பூத்தாலும் அண்ணாந்தே வியக்கிறோம். நம் காலடியில், ஒரு பிடி மண்ணுக்குள் ஓசையின்றி நடந்தேறும் பெருங்காரியங்களை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்?

அங்கே நூற்புழுக்கள் வாழ்கின்றன. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாதவை; நிறமற்றவை; எலும்போ நுரையீரலோ இல்லாதவை. ஆயினும் பூமியில் ஐந்து விலங்குகளை எண்ணினால் நான்கு இவையே. மனிதர் ஒருவருக்கு ஏறத்தாழ 5,700 கோடி நூற்புழுக்கள் மேல்மண்ணில் மட்டும் இருப்பதாக 2019-ல் அறிவியலாளர் கணித்தனர். இவற்றுள் ஓர் இனத்துக்கு நரம்பணுக்கள் மொத்தமே 302. அந்தச் சிறு மூலதனத்தை வைத்தே அது இரை தேடுகிறது, ஆபத்தை விலக்குகிறது, வம்சம் வளர்க்கிறது!

வேர்முடிச்சு நூற்புழுவின் குஞ்சு, கத்தரி, தக்காளி, வெண்டையின் வேர் கசியவிடும் பொருளை இருட்டிலேயே உணர்ந்து நெருங்குகிறது. வாயிலுள்ள நுண்ணூசியால் வேர்நுனியைத் துளைத்து உள்ளே போய், சில உயிரணுக்களைத் தேர்ந்து தன் உமிழ்நீரைச் செலுத்துகிறது. அந்த உயிரணுக்களின் உட்கருக்கள் பெருகிக்கொண்டே போகின்றன. அணுக்களோ பிரியாமல் பூதாகரமாக வளர்ந்து, செடியின் உணவை எல்லாம் புழுவுக்கே ஊட்டுகின்றன. பெண்புழு அசையாமல் பருத்து, நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகிறது. வேர் முடிச்சு முடிச்சாகப் புடைக்கிறது. ஈரமிருந்தும் செடி நண்பகலில் துவள்கிறது. நாமோ வெயிலைக் குறை சொல்கிறோம். இந்த முடிச்சு இன்று நேற்று வந்ததல்ல: நீலகிரியின் தேவாலாவில் தேயிலை வேரில் இதைப் பார்பர் என்ற தாவரவியலாளர் கண்டு சொன்னது 1901-ல்.

பருத்தி வேரைப் பற்றும் சிறுநீரக வடிவ நூற்புழுவோ இன்னும் வியப்பானது. மண் காய்ந்தால் அதுவும் தன் உடல்நீரை இழந்து, ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். ஈரம் பட்டதும் உயிர்த்தெழும். வானம் பார்த்த பூமியில் மழைக்குக் காத்திருப்பது சம்சாரி மட்டுமல்ல.

அழிப்பதை வைத்த மண்ணே அடக்குவதையும் வைத்திருக்கிறது. சில பூஞ்சைகள் மூன்றே உயிரணுக்களால் வளையம் கட்டிக் காத்திருக்கின்றன; புழு நுழைந்ததும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் வளையம் ஊதி இறுக்கிவிடுகிறது. நூற்புழுக்களிலும் பல நமக்குத் துணையே: பாக்டீரியாவைத் தின்று தழைச்சத்தைப் பயிருக்கு விடுவிப்பவை உண்டு, வேர் தின்னும் வண்டுப்புழுக்களைக் கொல்பவை உண்டு. பருத்திக்கு அடுத்துச் சோளம் விதைத்த நம் முன்னோர் இந்தப் புழுக்களைக் கண்டதில்லை. ஆயினும் சோள வேரில் அந்தப் பருத்திப் புழு அவ்வளவாகப் பெருகுவதில்லை. ஒரே வெள்ளாமையை ஓயாமல் திணித்து, தொழுவுரத்தை மறந்து, துலாக்கோலின் முள்ளைச் சாய்த்தது நம் பேராசையே.

எனவே, ஈரமிருந்தும் செடி வாடினால் மருந்துக்கடைக்கு ஓடுமுன் வேரைத் தோண்டிப் பாருங்கள். முடிச்சு தென்பட்டால், வேரும் வேரடி மண்ணுமாக வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள். கோடை உழவு, வேப்பம் புண்ணாக்கு, ஊடே செண்டுமல்லி, பயிர் மாற்றம் இவற்றைக் கைவிடாதீர்கள். மண்ணின் சமநிலையைக் காப்பதே படைப்புக்கு நாம் செய்யும் மெய்யான வழிபாடு.