எள்ளலும் கதைக்கோப்பும்

நகை பிறக்கும் நிலைக்களன்களைத் தொல்காப்பியர் நான்காக வகுத்து, அவற்றுள் எள்ளலை முதற்கண் வைத்தார். பிறரை எள்ளி நகுதல், தான் எள்ளப்பட்டவழி நகுதல் என அதனை இரண்டாக விரித்தார் பேராசிரியர். எள்ளுவோன், எள்ளப்படுவோன் என இருவர் உளராதல் இவ்விரு வகைக்கும் பொது. இக்கால அமெரிக்கத் திரைப்படங்கள் சிலவற்றில் இவற்றுள் அடங்காத மற்றோர் எள்ளலைக் காண்கிறோம். கதைத்தலைவன் தான் வாழும் கதையையே எள்ளுகின்றான். ‘சூப்பர் ஹீரோ’ என வழங்கும் பேராற்றல் வீரரைப் பற்றிய நகைச்சுவைப் படங்களில் இது மிகுதி. இவற்றுள் பலவற்றில் நகை சிறந்தும் கதை மெலிவது ஏன் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பேராற்றல் வீரரை எள்ளுதல் புதுவதன்று. சூப்பர்மேன் கதை அச்சில் வெளிவந்தது 1938-இல். 1953-இல் ‘மேட்’ என்னும் இதழ் அவ்வீரனை நகையாடிச் சித்திரக்கதை ஒன்றை வெளியிட்டது. அது சில பக்கங்களே கொண்டது. எல்லாரும் அறிந்த கதையைக் கோணலாக்கிக் காட்டிய அளவில் முடிந்தது. தனக்கெனக் கதை வேண்டும் என்னும் தேவை அதற்கு எழவில்லை. இரண்டு மணி நேரம் ஓடும் திரைப்படத்துக்கு அத்தேவை உண்டு. இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது.

1991-இல் மார்வெல் நிறுவனத்தின் சித்திரக்கதை இதழில் தோன்றிய டெட்பூல், 2016-இல் தன் பெயரால் அமைந்த திரைப்படத்துக்குத் தலைவன் ஆனான். அவன் காண்போரை நோக்கி நேரே பேசுவான். தான் திரைப்படத்துள் இருப்பதையும் அறிவான். படத்தின் தொடக்கத்தில் நடிகர் பெயர்கள் வரவேண்டிய இடத்தில், ஆங்கிலேய வில்லன், அழகி ஒருத்தி என்பன போன்ற வகைப்பெயர்களே வருகின்றன. அச்சில் வார்த்தாற்போன்ற பாத்திரங்களை நகும் கூரிய எள்ளல் இது, நாமும் நகுகிறோம். ஆயின் அதன்பின் நிகழ்வது யாது? அவ்வில்லன் வருகின்றான், காதலியைக் கவர்ந்து செல்கின்றான், தலைவன் பெரும்போர் செய்து அவளை மீட்கின்றான். எள்ளப்பட்ட வாய்பாட்டைப் படம் சிறிதும் பிறழாது பின்பற்றுகின்றது.

2018-இல் வந்த இரண்டாம் படம் இக்குறையை இன்னும் தெளிவாகக் காட்டும். தொடக்கத்திலேயே காதலி வனெசா கொலையுண்கின்றாள். அவ்விழப்பே கதையை இயக்குகின்றது. தலைவன் ஒரு சிறுவனைக் காக்கத் துணிவதற்கும் தன் உயிரை ஈவதற்கும் அதுவே வித்து. எதிர்காலத்தினின்று வந்த கேபிள் என்பான், தன் மனைவி மக்களிடம் திரும்புதற்கு வைத்திருந்த காலக்கருவியின் எஞ்சிய ஆற்றலைச் செலவிட்டு அவனை உயிர்ப்பிக்கின்றான். இருவரும் ஈந்தவை பெரியன. இறுதிப் பெயர்ப்பட்டியலுக்கிடையே அக்கருவி எளிதிற் செப்பனிடப்படுகின்றது. தலைவன் பின்சென்று வனெசாவைக் காக்கின்றான். அதே மூச்சில், 2011-இல் வெளிவந்த ‘கிரீன் லான்டர்ன்’ படத்தின் கையெழுத்துப்படியை ஏந்தி நிற்கும் நடிகர் ரையன் ரெனால்ட்சையும் சுட்டு வீழ்த்துகின்றான். பின்னது நல்ல நகை. தம் பழைய படத்தைத் தாமே எள்ளும் பெருந்தன்மை அந்நடிகருக்கு உண்டு. முன்னதோ கதையின் அடித்தூணைப் பெயர்த்துவிடுகின்றது. மீளப் பெறக்கூடியது இழப்பாகாது. எளிதிற் செப்பனிடத்தக்க கருவிக்காகக் கேபிள் செய்தது தியாகமும் ஆகாது.

இவை எள்ளற்பொருட்டே எழுந்த படங்கள். இவற்றிடம் கதைக்கோப்பை வேண்டுதல் முறையோ என வினவுவார் உளர். முறையே என்போம். வனெசாவின் சாக்காட்டுக்கு நம்மைக் கண்ணீர் விடக் கேட்டது அப்படமேயன்றி நாம் அல்லேம். அழுகையை வேண்டிப் பெற்ற படம் அதனை மதித்தல் வேண்டும். 2024-இல் வந்த மூன்றாம் படமோ அழுகையைக் கடனாகவே பெறுகின்றது. 2017-இல் ‘லோகன்’ படத்தில் மாண்ட வுல்வரினின் கல்லறையைத் தோண்டி, அவனுடைய எலும்புகளையே படைக்கலமாக்கித் தலைவன் போர் புரிகின்றான். அக்காட்சி நம்மைத் திடுக்கிடச் செய்வது ‘லோகன்’ அச்சாவினை மெய்யாக நம்பியமையாலேயே.

2022-இல் வெளிவந்த ‘தோர்: லவ் அண்ட் தண்டர்’ வியத்தற்குரிய ஒரு முரணை உடையது. அதன் முதற்காட்சியில், பாலைநிலத்தில் மகளை இழந்த கோர் என்னும் தந்தை தன் தெய்வத்திடம் முறையிடுகின்றான், தெய்வம் நகைக்கின்றது. அந்நகையின் கொடுமையே அவனைத் தெய்வங்களைக் கொல்வோன் ஆக்குகின்றது. பின்னர்த் தோரின் காதலி ஜேன் புற்றுநோயால் நலிகின்றாள். படமோ அலறும் ஆடுகளைக் காட்டி விளையாடுகின்றது. தெய்வத்தின்மேற் சுமத்திய குற்றத்தை இயக்குநர் டைக்கா வைடிட்டி தாமும் செய்தார் என்று கூறுதல் மிகையன்று.

நகையே கதைக்குப் பகை எனக் கொள்ளற்க. பிராட் பேர்ட் இயற்றிய ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ என்னும் 2004-ஆம் ஆண்டுப் படத்தில், வீரருக்கு உடை அமைக்கும் எட்னா என்பாள், முதுகிற் புரளும் மேலங்கியை எள்ளி நகுகின்றாள். அதனால் மாண்ட வீரர் பலரை ஒவ்வொருவராகக் கூறி, அதனைத் தைத்துத்தர மறுக்கின்றாள். பேராற்றல் வீரரின் தலையாய அடையாளத்தையே எள்ளும் இடம் இது. நாம் நகைத்து மறந்துவிடுகிறோம். கதை மறப்பதில்லை. இறுதியில் பகைவன் சின்ட்ரோம், தன் மேலங்கி வானூர்திப் பொறியில் சிக்குண்டு மடிகின்றான். எட்னாவின் எள்ளல் கதைக்கு வெளியே நின்று கூறிய உரை அன்று. ஒரு சாவுக்கு முன்னரே இட்ட காரணம் அது.